ஸ்கோர் சொல்லாமல் பேசாதே

2020 டிசம்பர் 22ஆம் தேதி பெரியப்பாவிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. பதினைந்து விநாடிகூட இருக்காது. "ஏ தம்பி, நம்ம ஜப்பார் சார் போயிட்டாவப்பா. நீ வந்தப்ப செஞ்சு காட்டுனேன்லா, அந்தக் குரலு. இனிமே இல்ல." பின்னால் ஆடு கத்தும் சத்தம். அவ்வளவுதான்.

நான் அப்போது காஹாங்கில் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே அப்பா தொலைக்காட்சியில் பழைய பந்து விளையாட்டு எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். "யாருடா?" என்று கேட்டார். "ஜப்பார்னு ஒருத்தர் இறந்துட்டாராம்ப்பா. கிரிக்கெட் வர்ணனையாளர்." அப்பா ஒரு கணம் யோசித்துவிட்டு, "நமக்குத் தெரிஞ்சவரா?" என்றார். தெரிந்தவரா இல்லையா என்று எனக்கும் உடனே சொல்லத் தெரியவில்லை. அவர் வர்ணனை செய்து நான் ஒரு பந்துகூட நேரலையில் கேட்டதில்லை. நான் கேட்டதெல்லாம், ஒரு கிராமத்துத் திண்ணையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இன்னொருவர் செய்து காட்டிய அந்தக் குரலின் நகல்.

சாத்தான்குளம் அப்துல் ஜப்பார். தமிழ்நாட்டு நண்பர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. மலேசிய வாசகர்களுக்குத் தேவைப்படும். 1980களின் தொடக்கத்திலிருந்து சென்னை வானொலி நிலையத்தின் தமிழ் கிரிக்கெட் வர்ணனையில் ஒலித்த குரல். அதற்கு முன்பே வானொலி நாடக நடிகர். இளமையில் இலங்கையில் இருந்தவர், இலங்கை வானொலி நாடகங்களில் பயின்றவர். எழுத்தாளரும்கூட. 2002ல் வன்னிக்குப் போய்ப் பிரபாகரனைச் சந்தித்த அனுபவத்தை 'அழைத்தார் பிரபாகரன்' என்று நூலாக எழுதினார். இப்படிப் பல முகம் உண்டு. ஆனால் பெரியப்பா மாதிரி ஆட்களுக்கு அவர் ஒரே ஒரு முகம், அதுவும் பார்த்திராத முகம்.

அந்த ஊர்ப்பெயரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதே 2020 ஜூனில்தான் சாத்தான்குளம் என்ற பெயரை உலகம் முழுக்கத் தமிழர்கள் வேறொரு காரணத்துக்காக உச்சரித்தார்கள். ஜெயராஜ், பென்னிக்ஸ் என்ற தந்தையும் மகனும் போலீஸ் காவலில் அடிபட்டு இறந்தார்கள். என்னோடு வேலை செய்யும் சீன நண்பன்கூட அந்த ஊரின் பெயரைத் திக்கித் திக்கிச் சொல்லி, அது எங்கே இருக்கிறது என்று கேட்டான். எங்கள் குடும்பத்தின் மூலக்கிராமம் அதற்குப் பக்கத்தில்தான் என்று சொல்ல எனக்கு ஒரு மாதிரி இருந்தது. ஆறு மாதம் கழித்து அதே பெயரை முன்னால் வைத்துக்கொண்டு ஒரு மரணச் செய்தி. ஆனால் இந்த முறை அந்தப் பெயர் ஒருவருடைய முதலெழுத்து போல வந்தது. இரண்டும் ஒரே ஊர்தான். பெரியப்பாவுக்கு இது குழப்பமே இல்லை. "ஊருன்னா ரெண்டும் இருக்கும்லே" என்றார்.

காஹாங்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். குளுவாங்கிலிருந்து மெர்சிங் போகும் வழியில், வண்டியில் போகிறவர்கள் எண்டாவ் ரொம்பின் காட்டுக்குத் திரும்பும்போது மட்டும் கவனிக்கும் சிறிய ஊர். சுற்றிலும் செம்பனை. என் தாத்தா காலத்தில் பால்மரம். தாத்தாவும் அவருடைய அண்ணனும் ஒரே லயத்தில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்தார்கள். 1969 கலவரத்துக்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமானது. தாத்தா எப்படியோ நீல அடையாள அட்டை வாங்கிவிட்டார். பெரிய தாத்தாவிடம் சிவப்பு அட்டைதான் இருந்தது. படிவத்தை நிரப்ப யாரும் இல்லை, நிரப்பத் தெரிந்த கிராணிக்கு நேரம் இல்லை. அந்த ஆண்டுகளில் இப்படிப் பல்லாயிரம் பேர் கப்பலேறினார்கள். பெரிய தாத்தா 1970ல் ரஜூலாவில் ஏறினார். கையில் இரண்டு டிரங்குப் பெட்டி, ஒரு பிலிப்ஸ் டிரான்சிஸ்டர். அந்த டிரான்சிஸ்டர்தான் இந்தக் கட்டுரையில் நமக்கு வேண்டியது.

1975 மார்ச் மாதம் கோலாலம்பூரில் உலகக் கிண்ண ஹாக்கி நடந்தது. மலேசிய ஹாக்கியின் பொற்காலம் என்று இன்றும் பெரியவர்கள் சொல்வது அந்த அணியைத்தான். ஸ்ரீ சண்முகநாதன், மகேந்திரன், பத்மராஜா என்று பெயர்களைக் கேட்டாலே தோட்டத்தில் ஆட்கள் நிமிர்ந்து உட்காருவார்களாம். அரையிறுதியில் மலேசியாவும் இந்தியாவும் மோதின. மலேசியா 2-1 என்று முன்னிலையில் இருந்தது. ஆட்டம் முடிய ஐந்து நிமிடம். இந்தியா அஸ்லம் ஷேர் கானை மாற்று ஆட்டக்காரராக இறக்கியது. அவர் கழுத்தில் இருந்த தாயத்தை முத்தமிட்டுவிட்டு பெனால்டி கார்னரை அடித்தார். 2-2. கூடுதல் நேரத்தில் ஹர்சரண் சிங் இன்னொன்று போட, 3-2. இறுதியில் இந்தியா பாகிஸ்தானை 2-1 என்று வென்றது. இந்தியா இன்றுவரை வென்ற ஒரே ஹாக்கி உலகக் கிண்ணம் அதுதான், மெர்டேக்கா அரங்கத்தில்.

அரையிறுதியைத் தாத்தா காஹாங் லயத்தில் கேட்டார். பெரிய தாத்தா சாத்தான்குளத்துப் பக்கம் கேட்டார். அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஒரே ஆட்டத்தை, ஒரே நேரத்தில், எதிரெதிர் அணியாக. தாத்தா கேட்டது மலாயில். பெரிய தாத்தா கேட்டது இந்தியில். தாத்தாவுக்கு மலாய் ஓரளவு வரும், சந்தை மலாய். பெரிய தாத்தாவுக்கு இந்தியில் ஒரு வார்த்தை தெரியாது. வர்ணனையாளரின் குரல் ஏறுவதையும் இறங்குவதையும் வைத்தே ஆட்டத்தைப் பின்தொடர்ந்திருக்கிறார். இறுதி ஆட்டத்தை இந்தியில் வர்ணித்தவர் ஜஸ்தேவ் சிங். இந்திய வானொலி வரலாற்றில் மிகப் பெரிய பெயர்களில் ஒன்று. 2018ல் இறந்தார். வட இந்தியாவில் ஒரு தலைமுறைக்கே அந்தக் கோலாலம்பூர் வெற்றி என்றால் அவருடைய குரல்தான். பெரியப்பா சொன்னது: "எங்கய்யாவுக்கு அர்த்தம் புரியல. அஜித்பால் சிங், அசோக் குமாருன்னு பேரு வர்றப்ப மட்டும் தலையை ஆட்டுவாரு. பேரை வச்சே ஆட்டத்தைக் கண்டுபிடிச்சாரு."

இதை முதலில் கேட்டபோது சிரித்தேன். பிறகு யோசித்தால் நானும் அப்படித்தான் வளர்ந்திருக்கிறேன். அப்பா செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினார். லோரியில் ஆர்டிஎம் வானொலிதான். அப்பாவுக்குப் பந்து என்றால் ஹஸ்புல்லா அவாங். அவருடைய மலாயின் வேகத்தில்தான் எங்கள் வீட்டில் கோல் விழும். 1991ல் ஜொகூர் மலேசியக் கிண்ணத்தையும் லீக்கையும் ஒரே ஆண்டில் வென்றதை அப்பா இன்று சொன்னாலும், தமிழில் ஆரம்பித்துக் கோல் விழும் இடத்தில் மலாய்க்கு மாறிவிடுவார். அந்த இடத்துக்கு அவரிடம் தமிழ் இல்லை. 2010 சுசுகி கிண்ண இறுதியில் புக்கிட் ஜாலிலில் இந்தோனேசியாவை 3-0 என்று அடித்தோம். பயிற்றுநர் கே. ராஜகோபால், தமிழர். ஆடியவர்களில் குணாளன், தமிழர். எனக்கு அப்போது பதினைந்து வயது. வீட்டில் கத்தியதெல்லாம் மலாயில். 2015 ஜனவரியில் ஹஸ்புல்லா அவாங் இறந்தபோது நான் பத்து பகாட் பக்கம் பாரிட் ராஜாவில் பல்கலைக்கழக விடுதியில் இருந்தேன். அப்பா போன் செய்தார். அப்பா எனக்குப் போன் செய்து ஒரு மரணத்தைச் சொன்னது அதுதான் முதல் தடவை, சொந்தக்காரர் அல்லாத ஒருவருடைய மரணத்தை. "குரல் போச்சுடா" என்றார். அவர் அழவில்லை. ஆனால் அன்றைக்கு லோரியில் ரேடியோ போடவில்லை என்று அம்மா பிறகு சொன்னார்.

நான் இதில் குறை சொல்ல வரவில்லை. ஹஸ்புல்லாவின் மலாய் எங்களுடைய மலாயும்தான். ஆனால் தமிழில் ஒரு ஓட்டத்தை ஓடிக்கொண்டிருக்கும்போதே சொல்ல முடியும் என்பதே எனக்கு இருபத்து நான்கு வயதுவரை தெரியாது. தமிழ் எனக்குப் பள்ளிப் பாடம், கோயில், அம்மா, பழைய பாட்டு. எல்லாம் நடந்து முடிந்தவற்றின் மொழி. தொழிற்சாலையில் இயந்திரம் நின்றுபோனால் என்ன ஆயிற்று என்று நான் யோசிப்பது ஆங்கிலத்தில். மேற்பார்வையாளரிடம் கத்துவது மலாயில்.

2019 டிசம்பரில், முதல் வேலையில் சேர்ந்து சேர்த்த பணத்தில், அப்பாவையும் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனேன். ஐம்பது வருடத்துக்குப் பிறகு எங்கள் கிளையிலிருந்து முதல் பயணம். தேரிக்காடு, பனைமரம், சிவந்த மண். பெரிய தாத்தா எப்போதோ போய்விட்டார். பெரியப்பாவுக்கு அறுபதைத் தாண்டிய வயது. இரண்டு கண்ணிலும் புரை, ஒன்றில் மட்டும் அறுவை முடிந்திருந்தது. நாங்கள் போன இரண்டாம் நாள் சாயங்காலம், கரண்ட் போயிருந்த நேரத்தில், "உங்க ஊர்ல கிரிக்கெட் உண்டாலே?" என்று கேட்டார். இல்லை, பந்துதான் என்றேன். "அப்ப ஜப்பாரைத் தெரியாது" என்று தீர்ப்பு சொல்லிவிட்டு, எழுந்து நின்றார்.

அவர் செய்து காட்டியது ஒரு ஓவர். பட்டாபிராமன் கேட் முனையிலிருந்து கபில் தேவ் ஓடி வருகிறார். முதல் பந்து அளவு குறைந்து எழும்புகிறது. மட்டையாளர் பின்காலில் சாய்ந்து விட்டுவிடுகிறார். கிர்மானியின் கையில் பந்து. இரண்டாவது பந்துக்குக் கபில் திரும்பி நடக்கும்போது பெரியப்பா நிதானமாகச் சேப்பாக்கத்தின் மேகத்தை வர்ணித்தார், கடல்காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று சொன்னார், மொத்த ஓட்டம் எவ்வளவு, எத்தனை பேர் ஆட்டமிழந்தார்கள் என்று சொன்னார், சரியாகக் கபில் ஓட ஆரம்பிக்கும் நொடியில் அதை நிறுத்தினார். ஆறு பந்தும் முடிந்தபோது எனக்குச் சிலிர்த்தது. அவர் சேப்பாக்கத்தைப் பார்த்ததே இல்லை. சென்னைக்கே போனதில்லை. அந்த மைதானத்தின் ஒரு முனையில் இருக்கும் கேட்டின் பெயர் வரைக்கும் தெரிந்து வைத்திருந்தார்.

தமிழ் வர்ணனை வருடம் முழுக்கக் கிடைத்ததில்லை. சேப்பாக்கத்தில் ஆட்டம் நடந்தால்தான் தமிழ். மற்றபடி இந்தியும் ஆங்கிலமும். அதனால் சென்னை டெஸ்ட் என்பது ஒரு திருவிழா மாதிரி வரும். பொங்கல் டெஸ்ட் என்று பெயரே உண்டு. கூத்தபிரான், ராமமூர்த்தி, ஜப்பார் என்று குரல்கள் மாறி மாறி வரும். பெரியப்பா கடலை வயலில் ரேடியோவை வரப்பில் வைத்துவிட்டு வேலை செய்வாராம். 1986 செப்டம்பரில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் மோதிய அந்தச் சமன் டெஸ்ட். இந்தியாவுக்கு இலக்கு 348. கடைசி ஓவரில் ஸ்கோர் சமமாகி, ஒரு ஓட்டம் எடுத்தால் வெற்றி என்ற நிலையில் மனிந்தர் சிங்குக்கு கிரெக் மேத்யூஸ் பந்தில் கால்காப்பில் பட்டு ஆட்டம் போனது, 347. டெஸ்ட் வரலாற்றிலேயே சமனில் முடிந்தது அதுவரை ஒன்றுதான், அது 1960ல் பிரிஸ்பேனில். 1999 ஜனவரி 31, பாகிஸ்தானோடு. 271 இலக்கு, 82க்கு ஐந்து பேர் போய், டெண்டுல்கர் முதுகுவலியோடு 136 அடித்து, 254ல் அவர் அவுட் ஆனதும் மீதிப் பேர் நான்கு ஓட்டத்துக்குள் போனார்கள். பன்னிரண்டு ஓட்டத்தில் தோல்வி. சேப்பாக்கம் எழுந்து நின்று பாகிஸ்தான் அணிக்குக் கைதட்டியது. இந்த இரண்டு நாளிலும் கடைசி நேரத்தில் மைக்கில் இருந்தது யார் என்று கேட்டேன். பெரியப்பா தயங்கவே இல்லை. "ஜப்பார்தான்." எனக்கு அதில் சந்தேகம் வந்தது. பேசப் பேசத்தான் புரிந்தது, அவருடைய ஞாபகத்தில் கேட்ட எல்லாத் தமிழ் வர்ணனையும் ஜப்பாராகிவிட்டது. மற்றவர்களுடைய ஓவர்களும் அவர் கணக்கில் சேர்ந்துவிட்டன. வரலாறு எழுதுகிறவனுக்கு இது சங்கடமான சாட்சி. ஒரு குரல் எவ்வளவு தூரம் உள்ளே போயிருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சியும் எனக்குக் கிடைக்கப்போவதில்லை.

இதெல்லாம் எங்கள் பக்கம் வராததற்குக் காரணம் சுத்தமான பௌதிகம். நான் படித்தது மின்னியல் என்பதால் இதைச் சொல்லாமல் விட முடியவில்லை. சென்னை வானொலி மத்திய அலையில் 720 கிலோஹெர்ட்ஸ். மத்திய அலை பகலில் தரையை ஒட்டித்தான் போகும், மேலே போகிற அலையை அயனமண்டலத்தின் கீழடுக்கு விழுங்கிவிடும். இரவில் அந்த அடுக்கு கலைந்தால்தான் மேலே பட்டுத் திரும்பி ஆயிரம் கிலோமீட்டர் தாண்டும். கிரிக்கெட் பகல் ஆட்டம். திருநெல்வேலி நிலையம் சென்னையிலிருந்து வாங்கி அஞ்சல் செய்தால்தான் பெரியப்பாவுக்கே கேட்கும். வங்காள விரிகுடாவுக்கு இந்தப் பக்கம் இருக்கும் காஹாங்குக்கு வாய்ப்பே இல்லை. இரவில் வந்து சேரக்கூடிய நேரத்தில் ஆட்டம் முடிந்து, ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டு போயிருப்பார்கள்.

ஊர் திரும்பிய பிறகு வர்ணனை என்ற கலையைப் பற்றிக் கையில் கிடைத்ததைப் படித்தேன். இந்தியாவில் 1930களில் பம்பாயில் பாபி தல்யார்கான் ஆரம்பித்தது. அவர் மைக்கை இன்னொருவரோடு பகிர மாட்டாராம், நாள் முழுக்கத் தனியாகவே பேசுவாராம். 1938ல் இங்கிலாந்தில் ஆஷஸ் நடந்தபோது ஆஸ்திரேலிய வானொலிக்காரர்கள் சிட்னியில் ஸ்டூடியோவில் உட்கார்ந்துகொண்டு, தந்தியில் வந்த சுருக்கக் குறிப்புகளை வைத்து ஆட்டத்தை 'நேரலையாக' நடத்திக் காட்டினார்கள். மட்டையில் பந்து படும் சத்தத்துக்குப் பென்சிலால் மரக்கட்டையில் தட்டுவார்கள். கேட்டவர்கள் ஆட்டத்தைப் 'பார்த்தார்கள்'. அதைப் படித்தபோதுதான் ஜப்பார் நாடகத்திலிருந்து வந்தது தற்செயல் இல்லை என்று பட்டது. வானொலி நாடகக்காரனுக்குத் தெரியும், கேட்பவனுக்குக் கண் இல்லை என்று. கதவு திறந்தது என்பதை வசனத்தில் சொல்லியாக வேண்டும், ஆனால் சொன்னது மாதிரித் தெரியக்கூடாது. காற்று எந்தப் பக்கம் என்று பெரியப்பா சொன்னாரே, அது அந்தப் பள்ளிக்கூடத்துப் பாடம்.

பிபிசியின் ஜான் ஆர்லட் பற்றியும் படித்தேன். முன்னாள் போலீஸ்காரர், கவிஞர், ஹாம்ப்ஷயர் வட்டாரப் பேச்சை மாற்றிக்கொள்ளாமலே மைக்கில் பேசியவர். 1980ல் லார்ட்ஸில் அவருடைய கடைசி டெஸ்ட். முப்பத்து நான்கு வருட வேலையின் கடைசி வாக்கியமாக, அடுத்து யார் பேசுவார்கள் என்று இரண்டு பேரின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு நாற்காலியை விட்டு எழுந்தார். ஏறக்குறைய அந்தக் காலத்தில்தான் சென்னையில் ஜப்பார் மைக்கின் முன் உட்கார்கிறார். இரண்டுக்கும் தொடர்பில்லை. எனக்கு மட்டும் அது ஒரு ஓவர் மாறுவது போலத் தோன்றியது.

சரி, தமிழுக்கு வருகிறேன். ஒரு நாள் ஜேடிடி ஆட்டத்தைக் கைப்பேசியில் சத்தமில்லாமல் வைத்துக்கொண்டு நானே தமிழில் வர்ணித்துப் பார்த்தேன். இரண்டு நிமிடத்தில் மூச்சு வாங்கியது. பிரச்சினை சொற்களில் இல்லை. கலைச்சொல் இல்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள், கோல் கோல்தான், கார்னர் கார்னர்தான், அதில் ஒன்றும் குறைந்துவிடாது. பிரச்சினை வினைச்சொல். மலாயில் ஆளையும் வினையையும் முதலிலேயே போட்டுவிடலாம், எங்கே, எப்படி என்பது பின்னால் தொங்கிக்கொண்டு வரும். தமிழில் வினை கடைசியில். 'வலப்பக்கமிருந்து வந்த பந்தை நெஞ்சில் வாங்கி இடது காலால்' என்று நான் சொல்லி முடிப்பதற்குள் பந்து எதிரியின் காலில் இருந்தது. என் வாக்கியம் நடுவழியில் அனாதையாக நின்றது. அதே இடத்தில்தான் கிரிக்கெட் தமிழுக்குப் பொருந்துகிறது என்று புரிந்தது. பந்து வீச்சாளர் ஓடி வரும் அந்த ஐந்தாறு விநாடி, வாக்கியத்தின் முன்பகுதி முழுக்கச் சொல்லிவிடலாம். யார், எங்கிருந்து, யாருக்கு, காற்று, மேகம், ஸ்கோர். பந்து மட்டையில் படும்போது வினை வந்து விழும். தடுத்தார். அடித்தார். விட்டார். பெரியப்பாவின் நகலில் நான் கேட்டது இதைத்தான். பந்தையும் பயனிலையையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து சேர்ப்பது. ஜப்பார் இதைத் திட்டமிட்டுச் செய்தார் என்று நான் சொல்லவில்லை. நல்ல குரலுக்கு இலக்கணம் காதிலேயே இருக்கும்.

இப்போது ஐபிஎல் தமிழ் வர்ணனை கேட்கிறேன். கலகலப்பாக இருக்கிறது, சில சமயம் வயிறு வலிக்கச் சிரிக்கிறேன். ஆனால் அங்கே படம் இருக்கிறது. ஸ்கோர் திரையின் மூலையில் இருக்கிறது. அவர்கள் பேசாவிட்டாலும் ஆட்டம் தெரியும். வானொலிக்காரன் வாயை மூடினால் மைதானமே இருட்டு. அதுவும் இதுவும் வேறு வேறு வேலை.

இன்னொரு சம்பவம். எங்கள் ஊர்ச் செம்பனைத் தோட்டங்களில் இன்று வேலை செய்பவர்களில் வங்கதேசத்துக்காரர்கள் நிறைய. என் தாத்தா இருந்த மாதிரியான லயத்தில்தான் இருக்கிறார்கள், அவர்கள் கையிலும் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய அனுமதிச் சீட்டு. ஜப்பார் இறந்த அடுத்த வாரம் மாமாக் கடையில் அப்படி ஒரு அண்ணனோடு பேசிக்கொண்டிருந்தேன். கிரிக்கெட் வர்ணனையாளர் ஒருவர் இறந்துவிட்டார் என்று சொன்னதும் அவர் முகம் மாறியது. 1997 ஏப்ரல், ஐசிசி கோப்பை இறுதி, வங்கதேசமும் கென்யாவும். நடந்தது எங்கே? கோலாலம்பூரில், கிலாட் கிளப் திடலில். மழையால் இரண்டு நாள் இழுத்தது. டிக்கோலோ 147 அடித்திருந்தார். வங்கதேசத்துக்கு 25 ஓவரில் 166. கடைசி ஓவரில் 11 வேண்டும், காலித் மசூத் முதல் பந்தை ஆறு அடித்தார், கடைசிப் பந்தில் ஒரு ஓட்டம், காலில் பட்டு ஓடி எடுத்தார்கள். இந்த அண்ணனுக்கு அப்போது பத்து வயதோ என்னமோ. ஊரே ஒரு ரேடியோவைச் சுற்றி நின்றதாம். கிலாட் கிளப், கிலாட் கிளப் என்று வங்க மொழி வர்ணனையில் கேட்டுக் கேட்டு, மலேசியா என்றாலே அந்தப் பெயர்தான் மனதில் இருந்ததாம். வேலைக்கு வந்தபோது விமான நிலையத்திலிருந்து நேராகக் காஹாங்குக்கு வேனில் ஏற்றி வந்துவிட்டார்கள். பல வருடமாயிற்று, இன்னும் அந்தத் திடலைப் பார்க்கவில்லை. நானும் பார்த்ததில்லை என்று சொன்னேன். மலேசியாக்காரனான எனக்கு அந்த ஆட்டம் நடந்ததே அவர் சொல்லித்தான் தெரியும். பெரியப்பாவுக்குப் பட்டாபிராமன் கேட், இவருக்குக் கிலாட் கிளப்.

பெரியப்பாவின் அந்தக் குரல் செய்திக்கு நான் அன்று பதில் அனுப்பவில்லை. என்ன சொல்வது என்று தெரியவில்லை. இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டேன். இரண்டாவது கண் அறுவை பெருந்தொற்றால் தள்ளிப்போயிருந்தது, டிவி பார்க்க முடியவில்லை என்றார். ஜப்பாரைப் பற்றி அதிகம் பேசவில்லை. "அவரு பையன் எழுதுறாராம்லா, ஆசிப் மீரான். துபாய்லயாம். குரல் இருக்கான்னு தெரியல" என்று மட்டும் சொன்னார்.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் தோட்டத்துத் திடலில் பந்து விளையாட்டு. எங்கள் பையன்களும் பக்கத்து ஃபெல்டா பையன்களும். நான் கோட்டுக்கு வெளியே நின்றிருந்தேன். பெரியப்பா வாட்ஸ்அப்பில் கூப்பிட்டார். சத்தத்தைக் கேட்டு, "என்னலே கூட்டம்?" என்றார். பந்து என்றேன். "சொல்லு" என்றார். வீடியோவைத் திருப்பட்டுமா என்று கேட்டேன். "கண்ணு எங்க தெரியுது. நீ சொல்லு."

ஆரம்பித்தேன். திடலின் தெற்கு முனை சேறாக இருக்கிறது என்றேன். செம்பனை மரங்களுக்கு மேலே மேகம் கறுத்துவிட்டது என்றேன். சிவப்புச் சட்டைக்காரன் ஒருவன் இடது ஓரமாக எடுத்துக்கொண்டு போகிறான், ஒருவனைத் தாண்டுகிறான் என்றேன். இரண்டு இடத்தில் மலாய் வந்து விழுந்தது. பக்கத்தில் நின்ற பையன்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். மூன்று நிமிடம் போயிருக்கும். நடுவில் நான் மூச்சு விட்டபோது பெரியப்பா குறுக்கிட்டார்.

"எல்லாஞ் சரி. ஸ்கோரு என்ன? எத்தன நிமிசம் ஆச்சு?"

சொல்லவே இல்லை.

"இப்பத்தான் ரேடியோவப் போட்டவன் ஒருத்தன் இருப்பாம்லா? அவனுக்குச் சொல்லணும். ஸ்கோரச் சொல்லாமப் பேசாதே. முதல்ல இருந்து வா."

ஒன்றுக்கு ஒன்று, முப்பத்தாறாவது நிமிடம் என்று சொல்லிவிட்டு, மறுபடி தெற்கு முனையின் சேற்றிலிருந்து ஆரம்பித்தேன்.